கதவு மூடிய வங்கியும் ரிசீவரின் வசூலும்

1930-களின் பெருமந்தக் காலத்தில் அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் வங்கி மூடப்பட்டு, நொடித்த வங்கியின் சொத்துகளை வசூலித்துப் பங்கிட நியமிக்கப்படும் ரிசீவர் ஒருவரின் பொறுப்புக்குப் போனது என்று படிக்கிறோம். அதன் பிறகு அந்த ஊரில் என்ன நடந்தது, பணம் போட்டிருந்தவர்களுக்கு எவ்வளவு திரும்பக் கிடைத்தது, மக்கள் பதறாமல் இருந்திருந்தால் வங்கி பிழைத்திருக்குமா என்று கேட்கப்பட்டிருக்கிறது. மூன்றாவது கேள்வியைக் கடைசிக்கு ஒதுக்கிக்கொள்கிறேன். ரிசீவர் எதை வசூலித்தார், எதை வசூலிக்க முடியாமல் தள்ளுபடி செய்தார் என்பதைப் பார்த்த பிறகுதான் அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியும்.

முதலில் எண்ணிக்கையைச் சொல்லிவிடலாம். 1921 முதல் 1930 வரை கலைக்கப்பட்ட வங்கிகளில், மத்திய அரசின் உரிமம் பெற்ற தேசிய வங்கிகளில் பணம் போட்டவர்களுக்குச் சராசரியாக டாலருக்கு 58 சென்ட்டும், மாநில உரிமம் பெற்ற வங்கிகளில் பணம் போட்டவர்களுக்கு 62 சென்ட்டும் திரும்பக் கிடைத்தன. அதற்குச் சராசரியாக 6 ஆண்டுகள் பிடித்தன. ஒரு வங்கியின் கணக்கை முடிக்க 21 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. பெருமந்தத்தின் உச்சமான 1930 முதல் 1933 வரையிலான நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 9,000 வங்கிகள் பணம் கொடுப்பதை நிறுத்தின; அவற்றில் பணம் போட்டிருந்தவர்கள் மொத்தத்தில் சுமார் 130 கோடி டாலரை இழந்தார்கள். நாட்டின் மொத்த வைப்புத்தொகையோடு ஒப்பிட்டால் இந்த இழப்பு ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டைச் சுற்றியோ அதற்குக் குறைவாகவோதான் வரும். ஆனால் நாட்டுச் சராசரி எந்த ஊருக்கும் ஆறுதலாக இருந்ததில்லை. ஊரின் ஒரே வங்கியில் போட்ட பணம் முழுதும் ஒரே காலையில் முடங்கி, பாதிக்குச் சற்று மேற்பட்ட தொகை துண்டு துண்டாக ஆறு ஆண்டுகளில் வந்து சேர்ந்தால், அதற்குள் அந்தப் பணத்தை நம்பியிருந்த விதைப்பும் கடையும் பிள்ளையின் படிப்பும் முடிந்துபோயிருக்கும். என் பார்வையில் மூடிய வங்கிகளின் கதையில் மிகக் கொடுமையான பகுதி பணம் தொலைந்தது அல்ல. அதற்காகக் காத்திருந்த காலமும், திரும்பி வந்த ஒவ்வொரு டாலரும் அதே ஊரில் யாரிடமிருந்து கறக்கப்பட்டது என்பதும்தான்.

இவ்வளவு சிறிய வங்கிகள் இவ்வளவு எண்ணிக்கையில் எப்படி இருந்தன என்பது நமக்கு வியப்பாக இருக்கலாம். 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஏறத்தாழ 30,000 வங்கிகள் இருந்தன. பல மாநிலங்களில் கிளை திறக்கவே சட்டம் இடம் கொடுக்கவில்லை; ஒரு வங்கி என்றால் ஒரு கட்டடம், அதோடு சரி. 1900-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 3,000 பேருக்கு மேற்படாத ஊரில் 25,000 டாலர் மூலதனம் இருந்தாலே தேசிய வங்கி தொடங்கலாம்; சில மாநிலங்களில் அதற்கும் குறைந்த முதலுடன் மாநில வங்கி தொடங்க முடிந்தது. தானியக் கிடங்குக்காரர், பலசரக்குக் கடைக்காரர், மருத்துவர், இரண்டு பெரிய விவசாயிகள் என ஊர்ப் பெரியவர்களே இயக்குநர்களாக இருந்தார்கள். கடன் வாங்கியவர்களும் பணம் போட்டவர்களும் அதே ஊர்க்காரர்கள். அவர்கள் அத்தனை பேரின் வருமானமும் பெரும்பாலும் ஒரே பயிரைச் சார்ந்திருந்தது. 1928 முதல் 1932 வரை தேசிய வங்கிகளை மேற்பார்வையிடும் கம்ப்ட்ரோலர் பதவியில் இருந்த ஜான் போல், பெரிய ஊர் வங்கிகள் தம் வணிக வட்டாரத்துக்குள் கிளைகள் வைக்க அனுமதிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார்; உள்ளூர் வங்கிக்காரர்கள் அதை விரும்பவில்லை. எல்லைக்கு அப்பால், கிளைகள் பரவிய சில பெரிய வங்கிகளைக் கொண்ட கனடாவில் இதே பெருமந்தத்தில் ஒரு வங்கிகூட விழவில்லை என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நோய் 1929-இல் தொடங்கியதும் அல்ல. முதல் உலகப் போர்க் காலத்தில் தானிய விலை ஏறியபோது அயோவா மாநிலத்தில் நிலத்தின் விலை 1920-இல் ஏக்கருக்கு 200 டாலரைத் தாண்டியது. விவசாயிகள் ஒருவர் நிலத்தை மற்றவர் கடன் வாங்கி வாங்கினார்கள். விலை சரிந்த பிறகு அந்தக் கடன்கள் அடையவில்லை. ஆனால் வங்கிகள் அவற்றை ஆண்டுதோறும் புதுப்பித்து, வட்டியையும் அசலோடு சேர்த்து, புதிய புரோநோட்டு எழுதி வாங்கிக்கொண்டு காலம் தள்ளின. 1921 முதல் 1929 வரை, நகரங்கள் செழித்துக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே, 5,000-க்கும் மேற்பட்ட வங்கிகள் மூடப்பட்டுவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை சிற்றூர் வங்கிகள். 1932-இன் கடைசியில் அயோவா விவசாயிக்கு ஒரு புஷல் (ஏறத்தாழ 25 கிலோ) மக்காச்சோளத்துக்கு 10, 12 சென்ட் கிடைத்தது. நிலக்கரி வாங்குவதைவிட மலிவு என்று சிலர் சோளத்தையே அடுப்பில் எரித்தார்கள். 1933-இல் நிலத்தின் விலை உச்ச விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது.

கடன் கொடுப்பது ஆபத்து என்று எண்ணிய எச்சரிக்கையான சிற்றூர் வங்கிக்காரர்கள், நகரத்துப் பெரிய வங்கிகளின் யோசனையைக் கேட்டு இரயில்வே பத்திரங்களும் வெளிநாட்டுப் பத்திரங்களும் வாங்கி வைத்திருந்தார்கள். 1931 செப்டம்பரில் பிரிட்டன் தன் நாணயத்தைத் தங்கத்தோடு இணைத்திருந்த தங்க அடிப்படையைக் கைவிட்டது; தங்கம் வெளியேறுவதைத் தடுக்க அமெரிக்க மத்திய வங்கி அமைப்பைச் சேர்ந்த நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி அக்டோபரில் தன் வட்டியை 1.5 விழுக்காட்டிலிருந்து 3.5 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. பத்திரங்களின் விலை சரிந்தது. ஊருக்குள் ஒரு கடனும் கெடாத வங்கிகூட, விற்றால் நட்டம், விற்காவிட்டால் கையில் பணமில்லை என்ற நிலைக்கு வந்தது.

மூடலின் கணக்கு எப்படி நடந்தது என்பதைக் காட்ட ஒரு கற்பனை வங்கியை வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. மூலதனம் 25,000 டாலர், சேமநிதி 10,000, வைப்புத்தொகை 2,65,000. இந்த 3,00,000 டாலரில் 2,00,000 கடனாகவும், 50,000 பத்திரங்களாகவும், 15,000 கட்டடமாகவும், 35,000 ரொக்கமாகவும் பெரிய வங்கிகளில் இருப்பாகவும் உள்ளன. ஓராண்டில் மக்கள் அமைதியாக, வரிசை கட்டாமல், 85,000 டாலரை எடுத்துவிடுகிறார்கள். ரொக்கத்தில் 30,000 போகிறது. 50,000 மதிப்புக்கு எழுதியிருந்த பத்திரங்கள் 35,000-க்கு விற்கப்படுகின்றன. மீதி 20,000-த்தை ஃபெடரல் ரிசர்வ் வங்கியிடம் கடனாக வாங்க வேண்டியிருக்கிறது. அதற்கு ஈடாக, வங்கியிடம் இருப்பதிலேயே நல்ல புரோநோட்டுகள் 45,000 டாலருக்குப் பொறுக்கி எடுத்துக் கொடுக்கப்படுகின்றன. இப்போது வைப்புத்தொகை 1,80,000, ரொக்கம் 5,000. சேமநிதி முழுவதும் பத்திர நட்டத்தில் போய், முதலிலும் 5,000 அரித்துவிட்டது. எடுத்தவர்கள் முழுப் பணத்தோடு போய்விட்டார்கள்; நல்ல கடன்களும் அடமானத்தில் போய்விட்டன; எஞ்சியவர்களுக்கு எஞ்சிய கடன்கள். சிற்றூர் வங்கி பெரும்பாலும் இப்படித்தான், சத்தமில்லாமல், உள்ளே காலியாகிக்கொண்டு வந்தது. திரைப்படங்களில் வருவதுபோல் ஒரே நாளில் கூட்டம் கூடிக் கண்ணாடியைத் தட்டிய கதைகள் உண்டு. ஆனால் பல ஊர்களில் கடைசி நாள் மிக அமைதியாகவே வந்தது.

அந்தக் கடைசி நாளில் வழக்கமாக இயக்குநர்கள் மாலையில் கூடி, வங்கியின் சொத்துகளைக் காப்பாற்றும் பொருட்டு அதை அரசுக் கண்காணிப்பில் ஒப்படைப்பதாகத் தீர்மானம் நிறைவேற்றுவார்கள். அல்லது புத்தகங்களைப் பார்க்க வந்த வங்கி ஆய்வாளரே மூடச் சொல்லியிருப்பார். மறுநாள் கதவில் ஒரு தட்டச்சுத் தாள் ஒட்டப்பட்டிருக்கும். அந்தத் தாளோடு ஊரின் பணப்புழக்கமே நின்றது. கடைக்காரர் முந்தின நாள் வாங்கிய காசோலைகள் செல்லாக் காகிதமாயின. பள்ளி நிர்வாகத்தின் பணமும் ஊராட்சியின் பணமும் அதே வங்கியில் இருந்ததால் ஆசிரியர்களுக்குச் சம்பளத்துக்குப் பதிலாகப் பின்னால் பணம் தருவதாக எழுதிய சீட்டுகள் கொடுக்கப்பட்டன. பாதுகாப்புப் பெட்டகத்தில் நகையோ பத்திரமோ வைத்திருந்தவர்கள் மட்டும் தப்பித்தார்கள். அது வங்கியின் சொத்து அல்ல என்பதால் ரிசீவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

தேசிய வங்கி என்றால் ரிசீவரை நியமிப்பவர் வாஷிங்டனில் இருக்கும் கம்ப்ட்ரோலர். மாநில வங்கி என்றால் மாநில வங்கித் துறைத் தலைவரோ நீதிமன்றமோ நியமிக்கும். ரிசீவராக வருபவர் பிணைப் பத்திரம் கொடுத்துப் பொறுப்பேற்பார். பெரும்பாலும் வெளியூர்க்காரர், சில இடங்களில் பழைய காசாளரையே எழுத்தராக வைத்துக்கொள்வார், ஏனென்றால் எந்தப் புரோநோட்டுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். முதல் வேலை, வங்கியிடம் உள்ள ஒவ்வொன்றையும் பட்டியலிட்டு நல்லது, ஐயத்துக்குரியது, மதிப்பற்றது என்று மூன்றாகப் பிரிப்பது. அடுத்து, மூன்று மாதங்களுக்குத் தொடர்ந்து செய்தித்தாளில் அறிவிப்பு வெளியிட்டு, வங்கியிடம் பணம் வரவேண்டியவர்கள் ஆதாரத்தோடு வந்து தங்கள் உரிமையைப் பதிவு செய்யுமாறு அழைப்பது. பாஸ்புத்தகத்தோடு வரும் ஒருவர் கணக்கை ஒப்பிட்டு, உறுதிமொழி எழுதிக் கொடுத்து, தமக்கு இவ்வளவு வரவேண்டும் என்ற சான்றிதழைப் பெற்றுச் செல்வார். அதுவரை தம் பணம் என்று அவர் எண்ணியிருந்தது, அன்றிலிருந்து ஒரு நொடித்த நிறுவனத்தின் மீதான கோரிக்கை.

எல்லாக் கோரிக்கைகளும் ஒரே வரிசையில் நிற்கவில்லை என்பதுதான் ஊர்க்காரர்களுக்கு முதலில் உறைத்த அதிர்ச்சி. ஈடு வாங்கிக்கொண்டு கடன் கொடுத்த ஃபெடரல் ரிசர்வ் வங்கி, பெரிய நகர வங்கிகள், வங்கிகளுக்குக் கடன் கொடுக்க மத்திய அரசு 1932-இல் தொடங்கிய மறுசீரமைப்பு நிதிக் கழகம் ஆகியவை தம்மிடம் இருந்த நல்ல கடன்களிலிருந்து தம் தொகையை முழுதாக எடுத்துக்கொண்டன. அரசுப் பணத்துக்குப் பெரும்பாலும் பத்திரங்கள் ஈடாக வைக்கப்பட்டிருந்தன. அறக்கட்டளையாகத் தனியே ஒப்படைக்கப்பட்ட பணத்துக்கும் முன்னுரிமை உண்டு. அதற்குப் பிறகுதான் சாதாரண வைப்பாளர். இவர்களுக்குள்ளும் ஒரு வேறுபாடு இருந்தது. வங்கியில் 800 டாலர் போட்டிருந்து, அதே வங்கியிடம் 1,000 டாலர் கடனும் வாங்கியிருந்தவர், ஒன்றை மற்றொன்றில் கழித்துக்கொண்டு 200 டாலர் கட்டினால் போதும். அவருடைய வைப்புத்தொகை நூற்றுக்கு நூறு காப்பாற்றப்பட்டுவிட்டது. கடனே வாங்காமல் சிக்கனமாகச் சேர்த்து வைத்த பக்கத்து வீட்டுக்காரரின் 800 டாலருக்கு அந்த வழி இல்லை. சட்டப்படி இது சரிதான். ஆனால் கடன்பட்டவன் தப்பித்தான், சேமித்தவன் மாட்டினான் என்று மூடிய ஊர்களில் பேச்சு எழுந்ததற்குக் காரணம் இதுவே. வேறொருவரின் பாஸ்புத்தகத்தை மலிவாக வாங்கி, அதைக் கொண்டு தம் கடனைக் கழித்துக்கொள்ளலாம் என்று எண்ணியவர்களைச் சட்டம் தடுத்தது. வங்கி மூடிய நாளில் இரண்டும் ஒரே ஆளின் பெயரில் இருந்திருக்க வேண்டும். மூடப்போகிறது என்று தெரிந்து, இயக்குநர்கள் தமக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் பணத்தை வெளியேற்றியிருந்தால், அதைத் திரும்பக் கேட்டு வழக்குத் தொடரும் உரிமையும் ரிசீவருக்கு இருந்தது.

இனி வசூல். உயிரோடு இருக்கும் வங்கியும் ரிசீவரும் ஒரே புரோநோட்டை இரண்டு விதமாகப் பார்த்தார்கள். வங்கிக்காரருக்கு அது ஒரு வாடிக்கையாளர்; அறுவடை பொய்த்தால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடுவார். ரிசீவருக்கு அது பணமாக மாற்ற வேண்டிய ஒரு காகிதம். புதுக்கடன் கொடுக்கவோ பழைய கடனைக் காலவரையின்றி நீட்டவோ அவர் வந்தவர் அல்லர். அவருடைய கடமை வைப்பாளர்களுக்கு. ஆகவே பத்தாண்டுகளாகப் புதுப்பிக்கப்பட்டு வந்த புரோநோட்டுகளுக்கு ஒரே மாதத்தில் கெடு வந்தது. வங்கியே இல்லாத ஊரில், வேறெங்கும் கடன் கிடைக்காத நேரத்தில், ஒரு விவசாயி எங்கிருந்து கட்டுவார்? அடமானக் கெடு முடிந்து நிலம் ஏலத்துக்கு வந்தது. ஒரே வட்டாரத்தில் நாலைந்து ரிசீவர்கள் ஒரே சமயத்தில் நிலத்தையும் மாட்டையும் விற்க முற்பட்டதில் விலை இன்னும் இறங்கியது. வைப்பாளருக்கு நன்மை செய்யப்போன நடவடிக்கையே வைப்பாளருக்கு வரவேண்டியதைக் குறைத்தது. கெட்ட கடன்களை அடிமாட்டு விலைக்கு விற்கவோ, கிடைத்ததை வாங்கிக்கொண்டு கணக்கைத் தீர்க்கவோ நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும் என்பது மட்டுமே இதற்குத் தடையாக இருந்தது.

விவசாயிகள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஏலத்துக்குக் கூட்டமாகப் போய், மாட்டுக்கு ஐந்து சென்ட், கலப்பைக்குப் பத்து சென்ட் என்று தாங்களே கேட்டு எடுத்து உரியவரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். வெளியார் விலை ஏற்ற முயன்றால் மிரட்டினார்கள். 1933 ஏப்ரலில் அயோவாவின் லெ மார்ஸ் நகரில் அடமான வழக்குகளை விசாரித்த நீதிபதி சார்லஸ் பிராட்லியை நீதிமன்றத்திலிருந்து இழுத்துச் சென்று கழுத்தில் கயிறு மாட்டினார்கள். அவர் உயிர் பிழைத்தார், மாநிலம் துணைப்படையை அனுப்பியது. அதே ஆண்டு மினசோட்டா உள்ளிட்ட பல மாநிலங்கள் அடமான ஏலத்தைத் தள்ளிவைக்கச் சட்டம் இயற்றின. மினசோட்டாவின் சட்டம் செல்லும் என்று 1934 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரிசீவர்களின் வசூல் வேகமெடுத்தது உண்மையில் இந்த எதிர்ப்புகளுக்குப் பிறகு, வேறொரு வழியில்: 1933 மே மாதத்துச் சட்டத்தின் கீழ் ஃபெடரல் நில வங்கிகள் விவசாயிகளின் பழைய அடமானங்களைக் குறைந்த வட்டியில் நீண்ட தவணைக்கு மாற்றிக்கொடுத்தன. ரிசீவர் தமக்கு வரவேண்டியதில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, மீதியை ரொக்கமாகப் பெற்றார். விவசாயிக்கு நிலம் தங்கியது, வைப்பாளருக்கு ஒரு தவணை வந்தது. முழுக் கதையிலும் இரு தரப்புக்கும் பயன்பட்ட ஏற்பாடு என்று நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

வசூலுக்கு இன்னொரு வழியும் இருந்தது. இன்றைய வாசகர்களுக்குப் பழக்கமில்லாத ஒன்று என்பதால் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தேசிய வங்கியின் பங்குதாரருக்கு இரட்டைப் பொறுப்பு உண்டு. 100 டாலர் முகமதிப்புள்ள 10 பங்குகளை வைத்திருந்தவர், வங்கி நொடித்தால் அந்த 1,000 டாலரை இழப்பதோடு, வைப்பாளர்களின் இழப்பை ஈடுகட்ட இன்னொரு 1,000 டாலர் வரை கையிலிருந்து கட்ட வேண்டும். பல மாநிலங்களிலும் இதே விதி. பங்குதாரர்கள் வங்கியைக் கவனமாக நடத்துவார்கள் என்ற எண்ணத்தில் 19-ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட ஏற்பாடு இது. நடைமுறையில் பங்குகளில் பல, வங்கியைத் தொடங்கியவர்களின் விதவைகளிடமும் பிள்ளைகளிடமும் இருந்தன. வங்கி எப்படி நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்களுடைய சேமிப்பும் அதே வங்கியில்தான் முடங்கியிருந்தது. ஆனால் அந்த வைப்புத்தொகையைக் காட்டி இந்தப் பாக்கியைக் கழித்துக்கொள்ள முடியாது. கம்ப்ட்ரோலர் தொகையை விதித்துவிட்டால் ரிசீவர் வழக்குத் தொடர்ந்து, தேவைப்பட்டால் வீட்டையும் நிலத்தையும் பிடித்து வசூலிப்பார். இவ்வளவு கடுமை இருந்தும் விதித்ததில் ஏறத்தாழ பாதிதான் வசூலானது. வங்கிக்காக ஊரில் நின்றவர்களே வங்கியால் அழிந்தார்கள் என்பதால் இந்த விதியின் மீது வெறுப்பு வளர்ந்தது. 1933-ஆம் ஆண்டுச் சட்டம் புதிதாக வெளியிடப்படும் தேசிய வங்கிப் பங்குகளுக்கு இரட்டைப் பொறுப்பை நீக்கியது, 1935-ஆம் ஆண்டுச் சட்டம் பழைய பங்குகளுக்கும் அதை முடிவுக்குக் கொண்டுவர வழி செய்தது.

இப்போது நம் கற்பனை வங்கிக்குத் திரும்பினால் கணக்கு இப்படி முடிகிறது. அடமானத்தில் போன 45,000 டாலர் புரோநோட்டுகளில் 35,000 வசூலாகி, ஃபெடரல் ரிசர்வ் தன் 20,000-த்தை எடுத்துக்கொண்டு 15,000-த்தைத் திருப்பித் தருகிறது. எஞ்சிய 1,55,000 கடனில் 15,000 வைப்புத்தொகையோடு கழிந்துபோகிறது. மீதி 1,40,000-இல் ஐந்து ஆண்டுகளில் 70,000 வருகிறது. கட்டடத்தை 4,000-க்கு யாரோ தீவனக் கடை வைக்க வாங்குகிறார்கள். ரொக்கம் 5,000, பங்குதாரர்களிடம் விதித்த 25,000-இல் 12,000. மொத்தம் 1,06,000. ரிசீவரின் சம்பளம், வழக்கறிஞர் கட்டணம், வரி, காப்பீடு எல்லாவற்றுக்கும் 10,000 போக 96,000. கோரிக்கைகள் 1,65,000. ஆக டாலருக்கு 58 சென்ட். இது ஒரே காசோலையாக வராது. முதல் ஆண்டில் 15 விழுக்காடு, பிறகு ஒரு நெடிய மௌனம், பிறகு 10, பிறகு 20, கடைசியில் சில்லறையாக ஒரு பங்கீடு. பொறுத்திருக்க முடியாதவர்களிடம் சான்றிதழ்களைப் பாதி விலைக்கும் கீழே வாங்கிக்கொண்டு காத்திருந்து இலாபம் பார்த்தவர்களும் எல்லா ஊர்களிலும் இருந்தார்கள்.

ரிசீவரைத் தவிர்க்கவே முடியாதா என்று அந்தக் காலத்தவர்களும் கேட்டுப் பலவற்றை முயன்று பார்த்தார்கள். ஒன்று, வைப்பாளர்களே கூடி, தம் தொகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பதாகவோ சில ஆண்டுகளுக்கு எடுப்பதில்லை என்றோ கையெழுத்திட்டு வங்கியை மீண்டும் திறப்பது. கணிசமான பெரும்பான்மையினர் கையெழுத்திட வேண்டும் என்பதால் ஊர்ப் பெரியவர்கள் பண்ணை பண்ணையாகப் போய் அலைந்தார்கள். திறந்தவற்றில் சில மறுபடியும் மூடின. எட்டு மாநிலங்கள் 1908 முதல் 1917-க்குள் வைப்புத்தொகைக்கு உத்தரவாத நிதி ஏற்படுத்தியிருந்தன. ஒரு மாநிலத்து விவசாயம் முழுதும் ஒரே சமயத்தில் விழுந்தபோது அந்த நிதிகளும் சேர்ந்து விழுந்தன, 1930-க்குள் அவை எல்லாமே செயலற்றுப்போயின.

நெவாடா மாநிலத்தில் நடந்தது இதில் கவனிக்கத்தக்கது. ஜார்ஜ் விங்ஃபீல்டு என்ற செல்வரின் 12 வங்கிகள் ரீனோ நகரிலும், எல்கோ, வெல்ஸ், ஃபாலன், டோனோபா போன்ற சிற்றூர்களிலும் இருந்தன. செம்மறி ஆட்டு மந்தை வைத்திருந்தவர்களுக்கும் மாட்டுப் பண்ணைக்காரர்களுக்கும் அவை நிறையக் கடன் கொடுத்திருந்தன. கம்பளி விலையும் ஆட்டு விலையும் சரிந்த பிறகு அந்த மந்தைகளைப் பிடித்து விற்பதில் பொருளில்லை. வாங்க ஆள் இல்லை. மறுசீரமைப்பு நிதிக் கழகத்திடம் இந்த வங்கிகள் ஏற்கெனவே கடன் வாங்கி, நல்ல ஈடுகளை அங்கே கொடுத்துவிட்டிருந்தன. ஆளுநர் பால்சர் வாஷிங்டனுக்குப் போய் மேலும் கடன் கேட்டும் கிடைக்கவில்லை. 1932 அக்டோபர் கடைசியில் துணை ஆளுநர் மார்லி கிரிஸ்வோல்டு மாநிலம் முழுதும் 12 நாள் விடுமுறை அறிவித்தார். பெருமந்தத்தில் ஒரு மாநிலம் முழுவதற்குமாக அறிவிக்கப்பட்ட முதல் வங்கி விடுமுறை அதுதான். அவகாசம் கிடைத்தால் மீளலாம் என்று எண்ணினார்கள். விடுமுறை நீட்டிக்கப்பட்டது, வைப்பாளர்களோடு சேர்ந்து சீரமைக்கும் திட்டங்கள் பேசப்பட்டன, முடிவில் ரிசீவர்களே வந்தார்கள். விங்ஃபீல்டு 1935-இல் நொடித்தவரானார். பிறகு தங்கச் சுரங்கம் ஒன்றில் மறுபடி பணம் பார்த்தார் என்பது வேறு கதை.

1933 ஜனவரியில் அயோவா வேறொரு வழியைச் சட்டமாக்கியது: தள்ளாடும் வங்கியை மூடாமலேயே மாநில அதிகாரி தம் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டு, பழைய பணத்தை முடக்கி, புதிதாக வரும் பணத்தைத் தனியே வைத்து நடத்தலாம். இதே கருத்து மார்ச் 9-ஆம் தேதி நிறைவேறிய அவசர வங்கிச் சட்டத்தில் ‘கன்சர்வேட்டர்’ என்ற பெயரில் நாடு முழுதும் வந்தது. அதிபர் ரூஸ்வெல்ட் பதவியேற்றதும் மார்ச் 6-இல் எல்லா வங்கிகளையும் மூடி, 13-ஆம் தேதியிலிருந்து நல்லவற்றை மட்டும் திறக்கவிட்டார். உரிமம் கிடைக்காத ஏறத்தாழ 4,000 வங்கிகளில் பெரும்பாலானவை சிறியவை. அவற்றில் சில முதல் திரட்டித் திறந்தன, சில பக்கத்து வங்கியோடு இணைந்தன, மற்றவை ரிசீவரிடம் போயின. இந்த முறை ஒரு நல்ல மாற்றம் இருந்தது: மறுசீரமைப்பு நிதிக் கழகம் மூடிய வங்கிகளின் சொத்துகளை ஈடாகப் பெற்று ரிசீவர்களுக்கே பெருமளவில் கடன் கொடுத்தது. அதனால் வைப்பாளர்களுக்கு ஒரு பகுதி முன்கூட்டியே கிடைத்தது; ரிசீவருக்கு நிலத்தை அவசர ஏலத்தில் தள்ளிவிட வேண்டிய நெருக்கடி குறைந்தது. கழகம் தொடங்கிய 1932-லேயே இதை இந்த அளவுக்குச் செய்திருக்கலாம் என்பது என் எண்ணம். புதிய கருவி எதுவும் அதற்குத் தேவைப்பட்டிருக்காது.

1933 ஜூன் 16-இல் கையெழுத்தான வங்கிச் சட்டம், எஃப்.டி.ஐ.சி. எனப்படும் வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகத்தை ஏற்படுத்தியது. 1934 ஜனவரி 1 முதல் ஒருவருக்கு 2,500 டாலர் வரையும், ஜூலை முதல் 5,000 டாலர் வரையும் காப்பீடு. காப்பீடு பெற்ற வங்கிகளில் முதலில் விழுந்தது இல்லினாய் மாநிலத்தின் ஈஸ்ட் பியோரியா என்ற சிறு நகரில் இருந்த ஃபாண்ட் டு லாக் ஸ்டேட் வங்கி. 1934 மே 28-இல் மூடியது, ஜூலை முதல் வாரத்திலேயே வைப்பாளர்கள் பணம் பெறத் தொடங்கினார்கள். சொத்துகளை வசூலிக்கும் வேலை அங்கேயும் இருந்தது. கடன்பட்டவர்களைத் துரத்துவதும் இருந்தது. ஆனால் காத்திருக்கும் பொறுப்பு வைப்பாளரிடமிருந்து கழகத்துக்கு மாறிவிட்டது.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்: மக்கள் பதறாமல் இருந்திருந்தால்? பத்திரங்களில் நட்டமடைந்து மூடிய வங்கிகளைப் பொறுத்தவரை, ஆம், பல பிழைத்திருக்கும். நல்ல இரயில்வே பத்திரங்களும் 1932-இல் விற்றால்தான் நட்டம். வைத்திருந்தவர்களுக்குப் பெருமளவு திரும்பின. நெவாடா போன்ற இடங்களிலும், நல்ல ஆண்டுகள் இரண்டு வந்திருந்தால், மந்தைக்காரர்கள் கட்டியிருக்கக்கூடும். ஆனால் மக்காச்சோள வட்டாரத்துச் சிற்றூர் வங்கிக்கு என் பதில் இல்லை என்பதே. 1920-இன் நில விலையை நம்பிக் கொடுத்த கடன், மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிய நிலத்திலிருந்து முழுதாகத் திரும்ப வழியில்லை. ஒருவர்கூடப் பணத்தை எடுக்காமல் இருந்திருந்தாலும் அந்த வங்கியின் முதல் போயிருந்தது, வைப்பாளர்களின் பணத்திலும் ஒரு பகுதி போயிருந்தது. பதற்றம் செய்தது, அந்த இழப்பை யார் சுமப்பது என்று தீர்மானித்ததுதான்: முதலில் வந்து எடுத்தவர்களின் பங்கும் சேர்ந்து, பொறுமையாக இருந்தவர்கள் தலையில் விழுந்தது.